கம்ப்யூட்டர் பார்க்க வந்த மாப்பிள்ளை

பஷீர் அகமது ஒரு விஷயத்தைத் தெருமுனையில் சொன்னால், கடை வாசலுக்கு வருவதற்குள் அது கொஞ்சம் வளர்ந்திருக்கும். மகள் சம்ரீனுக்கு நிச்சயம் பேசியபோது, பையன் தாஹா சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்றுதான் தரகர் சொன்னார். மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் தன் ரெடிமேட் கடைக்கு அதைக் கொண்டுவந்தபோது பஷீர் அதைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக்கியிருந்தார். பக்கத்துப் பாத்திரக்கடைக்கு டீ குடிக்கப் போனபோது, "கம்ப்யூட்டரையே செய்யிற ஆளுங்க" என்று சொன்னார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலையில் சம்ரீனின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்தபோது, பஷீர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

சம்ரீன் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகைகள், கடை நோட்டீஸ்கள் வடிவமைத்துக் கொடுப்பாள். இப்போது அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த நிக்காஹ் பத்திரிகை. எல்லோருக்கும் காட்டுவதற்கு ஒரு படம் எடுத்து போனில் அனுப்பியிருந்தாள். ஆனால் அச்சடிக்க அசல் ஃபைல் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஸ்ரீரங்கராஜன், பஷீருக்குப் பல வருஷப் பழக்கம். "பாய், இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள குடுத்தா உண்டு. இல்லேன்னா அடுத்த வாரம்தான், முகூர்த்த சீசன்" என்று சொல்லிவிட்டார்.

"நானே திறந்து பாக்குறேன் அத்தா" என்றாள் சம்ரீன்.

"நீ கையை வெக்காத. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் வரப்போறாரு, நீ எதுக்கு?"

அவர் மனைவி ரஷீதாவுக்கு அது சரியாகப் படவில்லை. "நிக்காஹுக்கு முன்னாடி மாப்ள வீட்டுக்கு வந்து போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"பொண்ணப் பாக்கவா வராரு? கம்ப்யூட்டரப் பாக்கத்தானே வராரு? இவ உள் ரூம்ல இருக்கட்டும்."

வாரக் கடைசி என்பதால் தாஹா தென்னூரில் தன் வீட்டில்தான் இருந்தான். பஷீர் விஷயத்தைச் சொல்லிப் போனை வைத்த பிறகு, சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் அவன் கம்ப்யூட்டர் நின்றுபோனால், புகார் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு டீ குடிக்கப் போவான். திரும்பி வரும்போது யாரோ சரிசெய்து வைத்திருப்பார்கள். அந்த யாரோ உள்ளே என்ன செய்கிறார் என்று அவன் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் மாமனார் முதல்முறையாக ஒரு உதவி கேட்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவனுடைய அம்மா நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

வரவேற்பு பலமாக இருந்தது. ஹால் நடுவில் ஒரு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட், ஏதோ ஒரு நம்பிக்கையில் ஒரு சுத்தியல். பஷீர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ரஷீதா அடுக்களை வாசலில் நின்றாள். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

தாஹா பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தினான்.

"ம்ம்" என்றான்.

"ம்ம்னா என்ன மாப்ள?"

"பவர் வரல மாமா."

"அதுதான் காலைலேருந்து எங்களுக்கும் தெரியுதே" என்றாள் ரஷீதா, வெகு பணிவாக.

தாஹாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சம்ரீன். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து இருவரும் மரியாதையாக ஸலாம் சொல்லிக்கொண்டதைத் தவிர அதிகம் பேசியதில்லை. இப்போது வந்திருந்த செய்தியில் ஸலாம் இல்லை.

'யூ.பி.எஸ்.ல சிவப்பு லைட் எரியுதா? பேட்டரி போயிருக்கும். வயர எடுத்து நேரா சுவத்து பிளக்குல போடுங்க. சுத்தியல எடுத்துராதீங்க.'

தாஹா அப்படியே செய்தான். பெட்டிக்குள் மின்விசிறி சுழன்றது.

"மாஷா அல்லாஹ்!" பஷீர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "பாத்தியா ரஷீதா, கைய வெச்ச உடனே!"

மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பெட்டி 'பீப், பீப்' என்று விடாமல் கத்த ஆரம்பித்தது.

"இப்ப எதுக்கு மாப்ள கத்துது?"

"ஒரு நிமிஷம் மாமா. ஆபீஸ்ல என் சீனியர்கிட்ட ஒரு டவுட் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு தாஹா போனில் வேகமாகத் தட்டினான். உள் அறையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவனுக்குப் பதில் வந்தது.

'ராம் மெமரிதான். ஆஃப் பண்ணிட்டு வயரக் கழட்டுங்க. பக்கவாட்டு மூடியத் திறந்தா உள்ள நீளமா பட்டை மாதிரி ரெண்டு நிக்கும். ரெண்டு முனையிலும் கிளிப் இருக்கு, அமுக்குனா மேல வரும். அடியில தங்கக் கலர்ல இருக்கறத ரப்பரால தேச்சுட்டுத் திரும்பப் போடுங்க. தூசிதான், பயப்படாதீங்க.'

'யார் பயந்தது?' என்று தாஹா பதில் அனுப்பினான். உள்ளே மறுபடியும் 'டிங்'.

'உங்க கை நடுங்குறது கதவிடுக்குல தெரியுது.'

அவன் மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த வயர்க் கூட்டத்தைப் பார்த்ததும், வேறு யாருடைய வீட்டுக்கோ தெரியாமல் நுழைந்துவிட்டவன்போலத் தயங்கினான். பிறகு பட்டைகளைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தான்.

"மாமா, ஒரு ரப்பர் வேணும்."

"எழுதுறத அழிப்பாங்களே, அந்த ரப்பரா?"

"ஆமா மாமா."

பஷீர் அசந்துபோனார். இத்தனை பெரிய மெஷினுக்கு இத்தனை சின்ன வைத்தியம் தெரிந்திருக்கிறதே! ரப்பர் வாங்க ரஷீதா உள் அறைக்குப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சம்ரீன் ரப்பரை நீட்டினாள். ரஷீதா ரப்பரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகள் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். ரப்பரோடு வெளியே வந்தாள்.

தேய்த்து முடித்த பட்டையைத் திரும்பப் பொருத்துவதற்குள் தாஹாவுக்கு வேர்த்துவிட்டது. முதலில் தலைகீழாகத் திருப்பி அழுத்தினான். போகவில்லை. 'கீழ ஒரு வெட்டு இருக்கும், அதுக்கு நேரா பாத்துப் போடுங்க' என்று செய்தி வந்தது. கையை நுழைத்து, முழங்கையை மடக்கி, ஒரு வழியாகப் பொருத்திவிட்டான். பட்டனை அழுத்தினான். இந்த முறை கத்தல் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

பஷீர் எழுந்தே நின்றுவிட்டார். திரை மறுபடி கறுத்து, ஓரத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி நின்றது.

"என்ன எழுதியிருக்கு மாப்ள?"

"ஹார்ட் டிஸ்க்கைக் காணோமாம் மாமா."

"காணோமா? ராத்திரி இருந்துச்சேப்பா! வீட்டுக்கு யாரும் வரலையே!"

அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கராஜன் போன் செய்தார். "பாய், ஃபைல் வந்துண்டிருக்கா?" பஷீர், "வந்துக்கிட்டே இருக்கு சாமி, மாப்ள கையில இருக்கு" என்றார். உண்மையில் மாப்பிள்ளை கையில் இருந்தது போன்தான். திறந்து கிடந்த பெட்டியின் உட்புறத்தைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தான். 'டிங்.' இன்னொரு கோணத்தில் ஒரு படம். 'டிங்.' டார்ச் அடித்து ஒன்று. 'டிங்.'

அதற்குப் பிறகு பதிலே வரவில்லை. தாஹா காத்திருந்தான். ஒரு கேள்விக்குறி அனுப்பினான். உள்ளே 'டிங்' சத்தமும் கேட்கவில்லை.

ரஷீதா வாழைக்காய் பஜ்ஜித் தட்டை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"சாப்பிடுங்க தம்பி. உங்க சீனியரோட போன்ல சார்ஜ் தீந்துபோச்சாம். இப்பதான் வயரத் தேடிக்கிட்டு இருக்காங்க."

தாஹாவின் முகம் மிளகாய்ச் சட்னியைப் போல் ஆயிற்று. பஷீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சீனியர்? எங்க சார்ஜ்?"

இனி மறைத்துப் பயனில்லை. "மாமா, எனக்கு இது தெரியாது" என்றான் தாஹா. "நான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறேன். கம்ப்யூட்டர ரிப்பேர் பாக்கறதில்ல. நீங்க ஆசையா கூப்பிட்டீங்க, முடியாதுன்னு சொல்ல வாய் வரல. இவ்வளவு நேரம் எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்க பொண்ணுதான்."

பாத்திரக்கடைக்காரர் முகம் பஷீரின் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். ஒரு பஜ்ஜியை எடுத்தார், கடித்தார், மென்று முடித்தார்.

"சம்ரீன், இங்க வாம்மா."

அவள் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். தாஹாவைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிமுன் குனிந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கேபிள யாரு இழுத்து விட்டது?"

"ராம் போடும்போது என் கை பட்டிருக்கும்னு நினைக்கிறேன்" என்றான் தாஹா.

"நினைக்க வேணாம். நீங்கதான்."

அணைத்துவிட்டுக் கேபிளை அழுத்தினாள். 'டக்' என்றது. மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து, அவள் வைத்திருந்த நீலநிறப் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"இந்த மெஷின பாகம் பாகமா வாங்கி மாட்டுனதே நானும் என் ஃபிரண்ட் ஜென்சியும்தான் அத்தா. நீங்ககூட வந்து பாத்துட்டு, கடைக்காரன் எப்ப வந்துட்டுப் போனான்னு கேட்டீங்க. காலைலயும் நான் பாக்குறேன்னு சொன்னேன்."

"சொன்னா. நான் கேட்டேன்" என்றாள் ரஷீதா.

தாஹாவுக்கு இப்போது மூச்சு சீராகியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "இவ்வளவு தெரிஞ்சவங்க, ஃபைலுக்கு ஒரு பேக்கப் எடுத்து வெச்சிருக்கலாமே?"

சம்ரீன் பென் டிரைவைத் தேடுவதில் திடீரென்று மிகவும் மும்முரமானாள். பஷீர் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் அதன்பிறகு எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது.

அவள் பத்திரிகையைத் திரையில் திறந்தாள். பச்சைப் பின்னணியில் பொன்நிற எழுத்து, ஓரம் முழுக்கக் கொடிவேலை. தாஹா குனிந்து படித்தான். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு போனில் காலண்டரைப் பார்த்தான்.

"நிக்காஹ் ஞாயித்துக்கெழமதானே மாமா?"

"ஆமா, ஞாயிறுதான். மண்டபமே அன்னைக்குத்தான் பேசியிருக்கு."

"இதுல இருபத்து நாலாம் தேதி ஞாயிறுன்னு இருக்கு. இருபத்து நாலு சனிக்கிழமை. இருபத்தஞ்சுதான் ஞாயிறு."

மூன்று தலைகள் திரையின்மேல் கவிழ்ந்தன. ரஷீதா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுநூறு பத்திரிகை அச்சாகியிருந்தால், பாதி ஜனம் சனிக்கிழமை வந்து பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

"நான் மூணு தடவ படிச்சேனே!" என்றார் பஷீர்.

"நீங்க உங்க அண்ணன் தம்பிங்க பேரு வரிசையா இருக்கான்னு பாத்தீங்க" என்றாள் ரஷீதா. "நான் எங்க வீட்டு ஆளுங்க பேரு விட்டுப்போச்சான்னு பாத்தேன்."

"உங்க வீட்டுக்கும்தானே அனுப்புனோம்?" சம்ரீன் முதல்முறையாகத் தாஹாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் நல்லாருக்குன்னு பதில் போட்டீங்க."

"எங்கத்தா அவர் பேரு பெருசா இருக்கான்னு பாத்தாரு." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒரே ஒரு பேரைத்தான் பாத்தேன். அதுல தப்பு இல்ல."

சம்ரீன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு தேதியை மாற்றினாள். நாலை அழித்து அஞ்சு போட அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகுமா என்று ரஷீதா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஷீர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "வாங்க மாப்ள, ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துரலாம்." தாஹா பின்னால் ஏறிக்கொண்டான். காவிரிப் பாலத்தில் வெயில் இறங்கியிருந்தது. காற்று பலமாக அடித்ததால் இருவரும் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"உண்மையில உங்களுக்கு என்ன வேலை மாப்ள?"

"மத்தவங்க எழுதுன புரோகிராம்ல எங்க தப்பு இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கணும் மாமா."

"அதுக்குச் சம்பளமா?"

"ஆமா மாமா."

"உங்க மாமி கல்யாணமான நாள்லேருந்து சும்மாவே பண்றா!"

அச்சகத்தில் மசி வாசனையும் மெஷின் சத்தமுமாக இருந்தது. ஸ்ரீரங்கராஜன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பென் டிரைவை வாங்கினார். "எழுந்துண்டுடுத்தா கம்ப்யூட்டர்? மாப்பிள்ளை சரி பண்ணிட்டாரா?"

தாஹா தரையைப் பார்த்தான். மாமனார் என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எம் பொண்ணு பண்ணுனா சாமி" என்றார் பஷீர். "மாப்ள தேதியில இருந்த தப்பக் கண்டுபிடிச்சாரு. நாங்க யாருமே பாக்கல."

அவர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு செய்தி இருந்தபடியே வெளியே வந்தது, பல வருஷம் பழகிய ஸ்ரீரங்கராஜனுக்கே ஆச்சரியமாக இருந்தது. தாஹாவுக்கு மாமனாரை அன்றைக்குத்தான் பிடித்துப்போயிற்று.

திரும்பும் வழியில் யூ.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி வாங்கினார்கள். அது செங்கல்லைவிடக் கனமாக இருந்தது. தாஹா அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தான். பஷீர் தென்னூரில் வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டுப் பேட்டரியை வாங்கிக் கால்பக்கம் வைத்துக்கொண்டார்.

"உள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போங்க மாமா."

"இன்னொரு நாளைக்கு மாப்ள. இத மாட்டணும்ல? சம்ரீன் காத்துக்கிட்டு இருப்பா."

"நான் வேணா வந்து மாட்டித் தரட்டுமா?"

பஷீர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாம் மாப்ள" என்றார். "பேட்டரி வாங்கி அரை மணி நேரம்தான் ஆகுது, பாவம்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. தாஹா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனான்.