ஐன் தர்ஃபாவில் பணம் பேசிய வருடம்

ஒலிவ விளைச்சல் பாதியாய்க் குறைந்து எண்ணெய் லிட்டர் நூற்றுப் பத்து திர்ஹம் விற்ற வருடம், ஐன் தர்ஃபாவில் பணம் பேசத் தொடங்கியது. இனி நோட்டே கிடையாது, எல்லாம் செல்போனுக்குள்தான் என்று தலைநகரத்து வங்கி அறிவித்த மூன்றாவது வாரம் அது. யார் யாருக்கு அனுப்பினாலும், பணம் போய்ச் சேர்ந்த வீட்டில் அனுப்பியவரின் குரலிலேயே பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடங்கியது. செல்போனை அணைத்து மாவுப் பானைக்குள் புதைத்தாலும் சொன்னது. நாலு கை மாறி வந்தால் நாலு பேரையும் வரிசையாகச் சொன்னது. பக்கத்து ஊர்களில் பணம் வாயைத் திறக்கவில்லையாம். எங்கள் தலையெழுத்து அப்படி.

ஒலிவத் தோட்டத்துக் கூலிப் பெண்களுக்கு இதில் நல்லதுதான் நடந்தது. மேஸ்திரியால் அவர்கள் கூலியில் கை வைக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு மகள் அனுப்பிய நூறு, அங்கே மருமகளின் காதில் விழுந்து சண்டையானது. சான்றிதழுக்கு வருகிறவர்கள் ‘காப்பிக்கு’ என்று தருகிற ஐம்பது, வட்டார அதிகாரி அல்லாலின் வீட்டு நடுக்கூடத்தில் விருந்தாளிகள் முன்னால் பேசியது. அவர் பத்து நாளில் பாதியாய் இளைத்துப்போனார். காப்பிக் கடையில் உட்கார்ந்தவன் எழுந்தான், எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

எல்லாரையும்விட அதிகமாக அலைந்தவன் லாரி ஓட்டுகிற பூஷ்தா. பதினொரு வருடத்துக்கு முன் பிரேக் பிடிக்காமல் அவன் லாரி ஹம்முவின் மேல் ஏறியது. குற்றம் இல்லை என்று கோர்ட்டு விட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்க, எங்கள் வழக்கப்படி ஒரு கிடாயை இழுத்துவந்து ஹம்முவின் மனைவி இஸ்ஸாவின் வாசலில் அறுத்தான். வாசலில் ரத்தம் விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் மனம் இரங்கியே ஆகவேண்டும். இஸ்ஸா இரங்கவில்லை. அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்தாள்.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்து, முதல் வெள்ளிக்கிழமை மதியம், தெரு மொத்தமும் பள்ளிவாசலில் இருக்கிற நேரத்தில், அவள் கதவுக்கு அடியில் மூன்று இருநூறு திர்ஹம் நோட்டுகள் வந்து கிடந்தன. வாடகை, மாவு, சர்க்கரை நோய் மாத்திரை எல்லாம் அதில்தான். செத்துப்போன கணவன் அனுப்புவதாக இஸ்ஸா சொன்னாள். முதல் வெள்ளியில் பூஷ்தா மட்டும் தொழுகைக்குப் பிந்தி வருவது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பதினொரு வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது பணமே வாய் திறந்துவிட்டது. முதல் மாதம் இஸ்ஸாவின் கதவுக்கு அடியில் ஒன்றும் வரவில்லை.

“அங்க போயி இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரோ என்னவோ! அதான் கைய விரிச்சுட்டாரு” என்று இஸ்ஸா பொருமினாள்.

“சும்மா கெட. அங்க இன்னும் செல்போன் குடுத்திருக்க மாட்டாங்க” என்றாள் பக்கத்து வீட்டு ரக்கியா.

பூஷ்தா ஒரு மூட்டை மாவை வாங்கி வாசலில் வைத்துவிட்டு ஓடினான். இஸ்ஸா அதைத் தொடக்கூட இல்லை. “இருபது வருஷக் குடித்தனத்துல ஒரு நாளு மாவு வாங்கிட்டு வந்தவரில்ல. செத்தப்புறமா புத்தி வரப்போகுது? இது வேற யாரோ வச்சது” என்று பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டாள். பிச்சை என்று தெரிந்தால் அவள் யாரிடமும் வாங்கமாட்டாள். இரண்டாவது மாதம் கம்பளியை விற்றாள். மூன்றாவது மாதம் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்று, கால் வீங்கிப்போய்ச் சுவரைப் பிடித்து நடந்தாள். பூஷ்தா தூக்கமில்லாமல் தெருத்தெருவாக நடந்து இரண்டு ஜோடிச் செருப்பைத் தேய்த்தான்.

கடைசியில் அல்லாலிடம் போய், உங்கள் வழியாக அனுப்பட்டுமா என்று கேட்டான்.

“எம் பேரோட சேத்து உம் பேரையும் சொல்லும்ப்பா. அவ செல்போனத் தூக்கித் தெருவுல அடிப்பா. அனுப்பலேன்னா பட்டினியில போயிடுவா. இதுல நான் என்னத்தச் சொல்ல, நீயே முடிவு பண்ணு” என்றார் அல்லால்.

அடுத்த மாதத்து முதல் வெள்ளி, பூஷ்தா அவள் வீட்டெதிரே நின்று அறுநூறு திர்ஹத்தை அனுப்பினான். அன்றைக்குத் தெருவில் பாதிப் பேர் தொழுகைக்குப் போகவில்லை. ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றோம்.

“ஹம்மு. அறுநூறு திர்ஹம்” என்றது பணம்.

பூஷ்தாவின் குரல் இல்லை அது. எண்ணெய்ச் செக்கில் ஹம்முவோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கரகரப்பு உடனே தெரிந்தது. பூஷ்தா மட்டும்தான் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு லாரிக்கு அடியில் ஹம்முவுக்கு எதுவும் சொல்ல நேரமிருக்கவில்லை. இப்போது யாரும் சொல்லாமலே அவனுக்கும் புரிந்துவிட்டது. அவள் கதவோரமாய்ப் போய் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மற்றவர்களின் பணம் தொகையைச் சொன்னதும் நின்றுவிடும். இது ஒரு இருமல் இருமிவிட்டு, கூரை ஒழுகுகிறதா, மாத்திரை இருக்கிறதா, ரக்கியாவின் ஆடு இன்னும் நம் புதினாவை மேய்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனது. ஆட்டைப் பற்றிச் சொன்னதில் ரக்கியாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இஸ்ஸா கதவைத் திறந்தாள். பதினொரு வருடத்தில் முதல் முறையாகப் பூஷ்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

“வெளியில உக்காந்து ஏன் அழுவுற? உள்ள வா. அவரு இன்னும் பேசி முடிக்கல” என்றாள்.

பூஷ்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.