பூனையின் வலப்பக்கம்

தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வையாளர் அம்மா படகில் வந்து இறங்க இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த நேரம் பார்த்தா அந்த உண்மை மரிவிக் டீச்சர் கண்ணில் பட வேண்டும்?

கம்ப்யூட்டர் அறையில் நான்காம் வகுப்பு ரியா மேயும் அவளுடைய ஜோடி தெசிரேயும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பூனை, பெட்டிகளுக்கு நடுவே ஒரு மீன். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பூனையை மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் பூனை மியாவ் என்னும். பெட்டியில் முட்டினால் டொம் என்று சத்தம் வரும். ரியா மேக்குப் பார்வை மிகவும் மங்கல். திரை அவளுக்கு வெறும் வெளிச்சம்தான்; மீனும் பெட்டிகளும் எங்கே என்று தெசிரே முதலில் வாயால் சொல்லிவிடுவாள். அதனால் மேசையில் அவளுக்கென்று தனி அட்டைகள் இருந்தன. உப்புத்தாள் ஒட்டியது முன்னே ஓர் அடி, பொத்தான் தைத்தது வலது, கயிறு ஒட்டியது இடது. எல்லாம் டீச்சரே உட்கார்ந்து ஒட்டியவை.

ரியா மே அட்டைகளைத் தடவித் தடவிச் சொன்னாள். "முன்னே ரெண்டு. வலது. முன்னே மூணு. வலது. முன்னே ரெண்டு."

தெசிரே மவுஸைப் பிடித்துக் கட்டளைகளை இழுத்துப் போட்டாள். பின்னால் சத்தமில்லாமல் நின்ற டீச்சர் பார்த்துவிட்டார். இரண்டாவது 'வலது' வந்த இடத்தில் தெசிரே 'இடது' என்று போட்டாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை, பழகிய கை. பூனை மியாவ் என்றது. ரியா மே இரண்டு கைகளையும் தட்டிச் சிரித்தாள்.

டீச்சர் தெசிரேயை வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தனை நாளா இப்படிப் பண்றே?"

"வருஷ ஆரம்பத்துலேர்ந்து, டீச்சர்."

"ஏன்டி?"

"பாவம் டீச்சர் அவ. பக்கத்து மேசையில டொம்னு சத்தம் வந்தாலே அவ மூஞ்சி செத்துப்போகுது. நீங்கதானே சொன்னீங்க, ரியா மேகிட்ட நல்லபடியா நடந்துக்கணும்னு."

குழந்தையை என்ன சொல்ல? வகுப்பில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், இருபத்து நாலு பிள்ளைகள். ஜோடியில் ஒருவர் 'கை', ஒருவர் 'வாய்'. கை யோசிக்கக் கூடாது, வாய் தொடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மணி அடித்தால் இருவரும் மாறிக்கொள்ள வேண்டும், மாதத்துக்கு ஒரு முறை ஜோடியே மாற வேண்டும். எல்லாருக்கும் இந்தச் சட்டம் போட்டவர், ரியா மேக்கு மட்டும் தளர்த்தினார். அவள் எப்போதும் வாய்தான். ஜோடியும் எப்போதும் தெசிரேதான், வகுப்பிலேயே இளகிய மனசுக்காரி என்று தேடிப் பிடித்துப் போட்டார். பாவம் பார்த்த முதல் ஆள் டீச்சர்தான். மியாவ் கேட்ட ஒவ்வொரு நாளும் 'நீ சொன்னதுக்குத்தான் கண்ணு' என்று முதுகில் தட்டியவரும் அவரேதான். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு தப்புகூடச் செய்ய வாய்க்கவில்லை. தப்பே செய்யாதவளுக்குத் திருத்த மட்டும் எப்படித் தெரியும்?

ஓடினார் பிரின்சிபலிடம். அவர் சமையல் கொட்டகையில் நண்டுக் கூடையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வை என்றால் அந்தத் தீவில் பாடம் பாதி, விருந்து பாதி.

"சார், வேற பாடம் நடத்தறேன் சார். கம்ப்யூட்டர் வேண்டாம்."

"நல்லா இருக்கே கதை. மேற்பார்வைக்கு மிஸஸ் கபாஹுக் வர்றதே அந்தப் பொண்ணைப் பாக்கத்தான். தானா ஒண்ணு செஞ்சு காட்டினா இங்கேயே இருக்கட்டும், இல்லேன்னா ஜூன்ல செபு நகரத்துப் பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடணும்னு போன மாசமே சொல்லிட்டுப் போனாங்க இல்ல?"

"நகரத்துக்கு அவ போக மாட்டா சார். அவங்கம்மா என்கிட்டயே சொல்லிட்டா. தங்க இடம் கிடையாது, கூடப் போக ஆள் கிடையாது, வீட்டோட இருந்து கருவாடு திருப்பிப் போடட்டும்னு."

"அப்ப நல்லா நடத்துங்க. பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா? தெரிஞ்சவன் வலது கை தூக்கணும், தெரியாதவன் இடது கை. ஆனா எல்லாரும் தூக்கணும், நீங்க வலது கைக்காரனை மட்டும் கேக்கணும். பத்து வருஷமா இதுலதான் நம்ம வண்டி ஓடுது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் நண்டைக் குனிந்து பார்த்தார்.

மணி எட்டரை. ஒரு வருஷத்தை அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுக்க எந்தச் சாமியாலும் முடியாது. மரிவிக் டீச்சர் தாழ்வாரத்திலேயே தெசிரேயை மறுபடி பிடித்தார். வாய் கூசியது, ஆனாலும் சின்னப் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடும் 'இன்டே'யைச் சேர்த்துச் சொன்னார்.

"இன்னிக்கு மட்டும், இன்டே. எப்பவும் செய்யற மாதிரியே செய். நாளைக்கு எல்லாத்தையும் மாத்திக்கலாம்."

சொன்ன இடம் கம்ப்யூட்டர் அறையின் ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ரியா மே உட்கார்ந்திருந்தாள். கண் மங்கலானவள் என்று இருபத்து நாலு மணி நேரமும் நினைத்து உருகியவருக்கு, அந்தப் பிள்ளைக்குக் காது இருப்பது மறந்துபோயிற்று.

மிஸஸ் கபாஹுக் வந்தார். கழுத்தில் பூமாலை, கையில் கோப்பு, முகத்தில் கடல் காற்றில் வந்த களைப்பு. நேராக ரியா மே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிக்கலாமா, இன்டே?"

ரியா மே எழுந்து நின்றாள்.

"மேம், தெசிரே வேண்டாம். நோவெலின் என்கூட உக்காரட்டும்."

டீச்சர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கேட்டிருக்கிறாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். நோவெலின் அந்த வகுப்பின் சண்டைக்கோழி, யாருக்கும் பாவம் பார்க்கிற ஜாதி இல்லை.

"எதுக்கு அவ?" என்றார் மிஸஸ் கபாஹுக்.

"அவளுக்கு என்னைப் பிடிக்காது, மேம். நான் சொல்றதை மட்டும் போடுவா."

நோவெலின் வந்து உட்கார்ந்தாள். ரியா மே அட்டைகளைத் தடவினாள். "முன்னே ரெண்டு. வலது. முன்னே மூணு. வலது. முன்னே ரெண்டு."

டொம்.

அந்த அறையில் ரியா மேக்காக அந்தச் சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் நோவெலின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன போட்டே?"

"நீ சொன்னதைத்தான் போட்டேன். உன் பூனை இடது பக்கப் பெட்டியில போய் முட்டுது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நான் வலதுதானே சொன்னேன்?"

"வலதுதான் போட்டிருக்கேன். வேணும்னா மேமைக் கேளு."

"வலதுதான் போட்டிருக்கா" என்றார் மிஸஸ் கபாஹுக்.

இரண்டாம் முறை ரியா மே ஓர் அடியைக் கூட்டிச் சொன்னாள். டொம். மூன்றாம் முறை ஓர் அடியைக் குறைத்தாள். டொம். தெசிரே கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மரிவிக் டீச்சருக்கு நாக்கு நுனியில் நின்றது அந்த ஒரு சொல். இடது, இடது, இடது என்று மனசுக்குள் கூவினார். தெய்வமே, இந்த ஒரு சொல்லுக்கா ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட வேண்டும்? அவர் கை தன்னை அறியாமல் கயிறு ஒட்டிய அட்டையைப் பிள்ளையின் விரல் பக்கமாக நகர்த்தியது.

"டீச்சர், கையை மேசையிலேர்ந்து எடுங்க" என்றார் மிஸஸ் கபாஹுக், தலையைத் தூக்காமல்.

டீச்சர் எடுத்துவிட்டார்.

பாட நேரம் முடிய ஆறு நிமிஷம் இருந்தது. ரியா மே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அழுதுகொண்டு வெளியே போகப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தரை ஓடுகளின் கோட்டைக் கால் விரலால் தேடினாள்.

"நோவெலின், பூனை நிக்கற இடம் இது. மீன் எங்கே இருக்குதோ அங்கே போய் நில்லு. கணக்காப் பாத்து நில்லு."

நோவெலின் திரையைப் பார்த்துப் பார்த்து ஓடுகளை எண்ணிக்கொண்டு போய் நின்றாள். "இங்க இருக்கேன்."

ரியா மே நடந்தாள். இரண்டு ஓடு. வலப்பக்கம் திரும்பினாள். மூன்று ஓடு. மறுபடி வலப்பக்கம் திரும்பி நின்றாள். "எங்கே இருக்கே?"

"இங்கதான்" என்று நோவெலினின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ரியா மே வந்த வழியே ஒரு தடவை பின்னால் நடந்து, மறுபடி முன்னால் வந்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பூனைக்கு வலதுன்னா பூனையோட வலது. அது என்னைப் பாத்து இறங்கி வர்றப்ப அதோட வலது எனக்கு இடது" என்றாள் மெதுவாக. "நான் நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னோட வலதைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். வருஷம் பூரா."

மேசைக்கு வந்தாள். இரண்டாவது பொத்தான் அட்டையை எடுத்துத் தூரப் போட்டாள், கயிறு அட்டையை வைத்தாள். "முன்னே ரெண்டு. வலது. முன்னே மூணு. இடது. முன்னே ரெண்டு."

மியாவ்.

பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். மிஸஸ் கபாஹுக் கோப்பைத் திறந்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இவ இங்கேயே படிக்கட்டும். டீச்சர், உங்ககிட்ட நான் தனியாப் பேசணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தனியாக என்ன வேண்டுமானாலும் பேசட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று இருந்தது மரிவிக் டீச்சருக்கு. ஓடிப்போய் ரியா மே முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"இன்டே, கேட்டியா? நீ எங்கேயும் போக வேண்டாம்."

ரியா மே சிரிக்கவில்லை. கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

"டீச்சர், இப்ப பூனை கத்தினது நான் சொன்னதுக்கா?"

"ஆமா கண்ணு. சத்தியமா நீ சொன்னதுக்குத்தான்."

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள் ரியா மே.