குடும்ப குரூப்பில் ஒரு லிங்க்

உமாராணி தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில், கணவர் நம்பிராஜன் போலீஸ் வேலையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பொழுது போகாமல் ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். சொந்தப் பெயரைப் போடவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த, முகம் தெரியாத சிலர் தவறாமல் வந்து படித்தார்கள். பதிவு போட்ட உடனே ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று பின்னூட்டம் விழும். ஒரு வாரம் எழுதாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். யாரும் வராத பக்கத்தில் எழுதுவது அவளுக்கும் சலித்தது. நிறுத்திவிட்டாள். ஆனால் அழிக்கவில்லை.

இந்த வருஷ அருவி சீசனில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. போட்டவன் சுபாஷ், நம்பிராஜனின் சித்தப்பா மகன். தன் காக்கிச் சட்டைக்குத் தானே கஞ்சி போட்டுத் தேய்க்கும் ஒரு கான்ஸ்டபிளைப் பற்றி அவருடைய மகள் எழுதியது. எழுதியவர் பெயர் இல்லை. கடைசியில் ‘படித்ததில் பிடித்தது’ என்று மட்டும் இருந்தது. பாதிப் பேர் போலீஸிலும் பட்டாளத்திலும் இருக்கிற குடும்பம் அது. அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளுமாக வந்து குவிந்தன. ‘எழுதின புள்ள நல்லா இருக்கணும்’ என்று பெரிய மாமா போட்டிருந்தார்.

அது உமாராணி எழுதியது. அவளுடைய அப்பாவைப் பற்றியது.

ஸ்டாஃப் ரூமில் இருந்தபடியே, ‘இதை எழுதியது நான்தான்’ என்று அனுப்பினாள். சுபாஷ் நம்பமாட்டான் என்று தோன்றியது. வலைப்பூவின் முகவரியைத் தேடி எடுத்து அதையும் ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். கரும்பலகையில் கணக்குப் போடும்போதுகூட, யார் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்றுதான் மனம் ஓடியது.

திரும்பி வந்து பார்த்தபோது நிறையப் பாராட்டு இருந்தது. அதற்குக் கீழே சுபாஷ் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தான். ‘எங்கள் வீட்டு எறும்பு’ என்ற அவளுடைய இன்னொரு பழைய பதிவு, கீழே பின்னூட்டங்களோடு. ‘மைனி, இது நம்ம காளி அக்காதானே?’ என்று அண்ணியிடம் கேட்டு, சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தான்.

உமாராணிக்குக் காது மடல் சுட்டது. அப்படி ஒன்று எழுதியதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நம்பிராஜனின் தங்கை காளீஸ்வரி, புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு சில மாதம் இவர்கள் வீட்டில் இருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுக்களைக்குள் போவாள். வெல்லத்தைக் கிள்ளுவாள், பச்சரிசியை அள்ளி வாயில் போடுவாள், புளியை உருட்டி முந்தானையில் முடிந்துகொள்வாள். உமாராணி கதவிடுக்கில் நின்று பார்த்து, பெயர் சொல்லாமல் வேடிக்கையாக எழுதியிருந்தாள். அன்றைக்கு வந்த பின்னூட்டங்கள் எல்லாமே சிரிப்புதான். முகம் தெரியாதவர்கள் நடுவில் அவள் வெறும் நாத்தனார். இந்தக் குரூப்பில் அவள் காளீஸ்வரி.

தான் அனுப்பிய லிங்க்கை அழித்தாள், வலைப்பூவையே பூட்டினாள். ஆனால் சுபாஷ் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை அவளால் அழிக்க முடியவில்லை. அதற்குள் அது வேறு இரண்டு குரூப்புக்குப் போயிருந்தது.

சாயங்காலம் நம்பிராஜன் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “அவ அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கான்னுல்லா நெனச்சேன்” என்றார். “நீ ஒளிஞ்சு நின்னு பாத்துருக்கே. கீழ எத்தன பேரு சிரிச்சிருக்கானுவோ.”



ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போக முன்பே வேன் பேசியிருந்தார்கள். காளீஸ்வரியும் அந்தக் குரூப்பில் இருந்தாள்; படித்துவிட்டு வரமாட்டாள் என்று உமாராணி நினைத்தாள். வந்துவிட்டாள். இப்போது அவள் வீரகேரளம்புதூரில் தனியாக இருந்து தைக்கிறாள். நல்ல நீலச் சேலை கட்டிக்கொண்டு, எல்லாரிடமும் நலம் விசாரித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமியார் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

“எனக்கு வேண்டாம்மா.”

“என்னக்கா, எறும்பு விரதமா?” என்றான் சுபாஷ். பின்சீட்டில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். காளீஸ்வரி வெளியே சாரலைப் பார்த்தாள். உமாராணி மடியிலிருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. குளித்துவிட்டு உடைமாற்றும் அறையில் காளீஸ்வரி தலை துவட்டிக்கொண்டிருந்தபோது உமாராணி பக்கத்தில் போய் நின்றாள்.

“காளி, நான் அத எழுதிருக்கக் கூடாது.”

காளீஸ்வரி ஈரத்துணியைப் பிழிந்தாள்.

“கமெண்ட் போட்டவுகள்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவுகளா மைனி?”

“இல்ல. யாருன்னே தெரியாது.”

“எனக்கு அப்ப நாள் தள்ளிப் போயிருந்துச்சு” என்றாள் காளீஸ்வரி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அந்த மனுசன் போன பொறவுதான் தெரியும். யார்ட்ட சொல்ல? வாய் கேட்டுச்சு, தின்னேன். பொறவு ஒருநா தானா கலைஞ்சு போச்சு. வயித்து வலின்னு படுத்துக் கெடந்தேன்லா, நீங்ககூட கசாயம் வச்சுத் தந்தீங்க.”

காளீஸ்வரி பிழிந்த துணியை உதறி மடித்தாள்.

“யாருன்னே தெரியாதவுககிட்ட சொல்லத் தோணிருக்கு. என்ட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலையே மைனி.”

“நான் குரூப்ல மன்னிப்புக் கேட்டு எழுதுதேன் காளி. எல்லாருக்கும் தெரியட்டும்.”

“ஐயையோ, எழுதாதீங்க.” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “எழுதினா அதையும் ஒருத்தன் எங்கனயாவது அனுப்புவான். இப்ப சொன்னது உங்களோட இருக்கட்டும். அண்ணனுக்குக்கூட வேண்டாம்.”

திரும்புகையில் சுபாஷ் மறுபடி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தான். “எக்கா, இந்தா…”

“ஏலே சுபாஷ், போதும்” என்றாள் உமாராணி. வேன் முழுக்கக் கேட்டது. “ஒளிஞ்சு நின்னு பாத்தது நான். எழுதினது நான். கேவலம் எனக்குத்தான். இனிமே நீ அவள ஒரு வார்த்த சொன்னேன்னா பாத்துக்கோ.”

எதுவும் தெரியாத மாமியார் “என்னட்டி, என்ன நடக்கு?” என்று கேட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காளீஸ்வரி தலையைத் திருப்பவே இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, “வாரேண்ணே” என்று நம்பிராஜனிடம் மட்டும் சொன்னாள்.

தீபாவளிக்கு அவள் வந்தாள். அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலையை வாங்கிக்கொண்டாள், உமாராணியிடம் சிரித்துத்தான் பேசினாள். முன்பெல்லாம் வந்தால் இரண்டு மூன்று நாள் தங்கிப் போவாள்.

“இருந்துட்டுப் போயேன் காளி.”

“தையல் நெறையக் கெடக்கு மைனி” என்று சொல்லிவிட்டு, வெயில் தாழுமுன்னே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.