வளவனுக்கு ஒரு கம்ப்யூட்டர்

வளவன் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் வேங்கிக்காலில் இராமலிங்கம் என்ற இன்ஜினியரிடம் வீட்டு வரைபடம் போடும் வேலையில் இருந்தான். பாதி கட்டிய வீடு ஒன்றில் மாடி அளவெடுக்கப் போனவன், கைப்பிடிச் சுவர் எழுப்பாத விளிம்பில் கால் தவறிக் கீழே விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் கால்கள் மட்டும் அவ்வப்போது தாமாக வெட்டி இழுக்கும். நரம்பு அடிபட்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கீழ்பென்னாத்தூரில் இரண்டு அறை கொண்ட வீடு. அவன் மனைவி கவிநிலா ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பகலில் வளவனைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அவன் அம்மா ராஜம்மாள்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"தை பொறந்தா நெறைய வீடு வேலை எடுக்கப் போறேன் வளவா. எலிவேஷன் படம் போடத்தான் ஆளு இல்ல. கட்டி முடிச்சா வீடு எப்படி இருக்கும்னு கலர்ல காட்டணும் இல்ல, அத உன்னாட்டம் போட இங்க யாரு இருக்கா? நீ ஒரு சிஸ்டம் மட்டும் ரெடி பண்ணிக்க. வேலைய நான் அனுப்பிக்கினே இருப்பேன்."

அவர் போன பிறகு வளவன் டீ கேட்டான். குடித்துவிட்டு இன்னொரு டீ கேட்டான். அவன் வாய்விட்டு எதையும் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ராஜம்மாள் அடுப்படியில் நின்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவனிடம் இருந்த பழைய லேப்டாப் அந்த மாதிரிப் படங்களைத் திறக்கவே மூச்சு வாங்கியது. கடையில் தயாராக விற்கும் கம்ப்யூட்டரை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. பாகம் பாகமாக வாங்கி நாமே கோத்துவிடலாம் என்றான் வளவன். பகல் முழுவதும் போனில் வீடியோ பார்த்தான். எந்த போர்டுக்கு எந்த பிராசஸர் பொருந்தும், பழைய பொருளில் எதை நம்பலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. சாயங்காலம் கவிநிலா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பான்.

முதலில் வந்தது கேபினட், பாகங்களையெல்லாம் உள்ளே பொருத்தும் தகரப் பெட்டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மூடிக் கிடந்த பிரவுசிங் சென்டரில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. உள்ளே சிலந்திக் கூடு. கவிநிலா வேலைக்குப் போயிருந்தபோது ராஜம்மாள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசலில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக் கடலைக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துவிட்டாள்.

"யம்மா! அதுல தண்ணி படக்கூடாதும்மா!" என்று உள்ளேயிருந்து கத்தினான் வளவன்.

"தகரம்தானேடா? பாத்திரம் மாதிரி பளபளன்னு ஆயிடுச்சி பாரு."

அதில் வேறு எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. கவிநிலா வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நான்கு கேபினட் வாங்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மதர்போர்டு, பிராசஸர் இரண்டையும் திருவண்ணாமலையில் பிரகாஷ் என்பவனின் கம்ப்யூட்டர் கடையில் கவிநிலா வாங்கினாள். போர்டு புதிது, பிராசஸர் ஒரு கை மாறியது. கடையில் நின்று வீடியோ காலில் ஒவ்வொன்றையும் காட்டுவாள். "பின்னாடி திருப்பு. அந்த ஓரத்துல லைட்டு காட்டச் சொல்லு" என்று படுக்கையிலிருந்து வளவன் சொல்லுவான். பிரகாஷுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆள் எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அவனே போனை வாங்கிக் காட்ட ஆரம்பித்தான்.

ரேம் வாங்கப் போன அன்றுதான் முதல் அடி விழுந்தது.

"அக்கா, நீங்க ஆடி மாசம் வந்திருக்கணும்" என்றான் பிரகாஷ். "இப்போ மூணு மடங்கு ஆயிடுச்சி. நாளைக்கு வந்தா இந்த விலையும் இருக்காது."

"மூணு மடங்கா? ஏம்ப்பா?"

"வெளிநாட்டுல ஏஐக்காக பெரிய பெரிய கட்டடமா கட்டுறாங்க இல்ல, ரேம் போடுற கம்பெனிங்க எல்லாம் சரக்க அங்கயே கொடுத்துடுறாங்க. நம்ம மாதிரி சில்லறைக்கு வர்றது கம்மி. பழசு வெச்சிருக்கறவனும் விலைய ஏத்திட்டான்."

போனில் வளவன் முகம் அசையாமல் இருந்தது. சிக்னல் நின்றுவிட்டதோ என்று கவிநிலா திரையைத் தட்டினாள்.

"இருக்கேன்" என்றான். "இப்போதைக்குப் பாதி போட்டுக்கலாம். ஒண்ணே ஒண்ணு வாங்கு. படம் மெதுவாத்தான் வரும். வரட்டும்."

கார்த்திகை முழுவதும் தீபக் கூட்டத்தில் விடுதி நிரம்பி வழிந்தது. கவிநிலாவுக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, திரை எல்லாம் சேர்ந்துவிட்டன. கிராபிக்ஸ் கார்டுதான் பாக்கி. அது இல்லாமல் எலிவேஷன் படம் போட முடியாது. புதிது வாங்க வழியில்லை. பழசு என்று வந்ததையெல்லாம் வளவன் தட்டிக்கழித்தான். ராப்பகலாக ஓட்டித் தேய்ந்ததைத் துடைத்து விற்கிறார்கள் என்றான்.

கடைசியில் அது விடுதியிலேயே கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்து மூன்று மாதமாகத் தங்கியிருந்த ஒருவர், வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிருந்த வீட்டைக் காலி செய்து பெட்டிகளை வரவழைத்திருந்தார். அதில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, "இதெல்லாம் யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார். கவிநிலா எட்டிப் பார்த்தாள். இத்தனை மாதம் வளவன் போனில் காட்டிக்காட்டி, அந்தப் பொருளை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

பாதி விலைக்கும் கீழே கொடுத்தார். "நல்லா வேலை செய்யும். எனக்குத்தான் அதுல வேலை இல்லாமப் போச்சு" என்றார்.

அன்று மார்கழிப் பௌர்ணமி. செங்கம் ரோட்டில் கிரிவலக் கூட்டம் மத்தியானமே தொடங்கியிருந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கார்டைத் துண்டில் சுற்றி, கைப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். "எதிர்ல வராதம்மா, ஓரமாப் போ" என்று யார் யாரோ அதட்டினார்கள். திண்டிவனம் ரோட்டில் தற்காலிக பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் தோள் இற்றுப்போயிருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பையை மடியை விட்டு இறக்கவில்லை. மலையைத் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் மட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த மறுநாள் லீவு எடுத்தாள். காலையிலேயே வளவனுக்கு முதுகில் தலையணை கொடுத்து உட்கார வைத்தார்கள். மடிக்குக் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் மதர்போர்டு.

"நீங்க சொல்லுங்க, நான் வெக்கிறேன்" என்றாள் கவிநிலா.

"பிராசஸர மட்டும் நான் வெக்கிறேன் கவி. மீதிய நீ பண்ணு."

"ஏங்க, பலகை ஆடுது. கீழ தரையில வெச்சி நான்..."

"அத ஒண்ணாவது நான் செய்யுறேனே."

அவள் பிராசஸரை எடுத்துப் பலகையில் வைத்தாள். போர்டின் நடுவில் பிராசஸர் உட்காரும் சதுரத்தை அவன் திறந்தான். உள்ளே மயிரிழை போல நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து மின்னின. பிராசஸரை இரண்டு விரலால் ஓரம் பிடித்துத் தூக்கினான். அவன் விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கவிநிலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்துத்தான் முன்பு அவள் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள்.

அப்போது கால் வெட்டி இழுத்தது.

பலகை ஒரு பக்கம் எகிறியது. பிராசஸர் விரலிலிருந்து நழுவி, முனை குத்த ஊசிகளின் மேல் விழுந்து, உரசிக்கொண்டே ஓரத்துக்குப் போய் நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கவிநிலா பலகையைப் பிடித்துக்கொண்டாள். ராஜம்மாள் ஓடிவந்து அவன் முட்டியை அழுத்திப் பிடித்தாள். கால் இன்னும் இரண்டு முறை உதறிவிட்டு, எதுவுமே செய்யாததுபோல் கிடந்தது.

வளவன் குனிந்து பார்த்தான். ஒரு மூலையில் ஊசிகள் மிதிபட்ட நாற்றுபோலக் கலைந்து கிடந்தன.

"ஊசி எடுத்துனு வா" என்றான். "தையல் ஊசி. மெல்லிசா."

காலையில் உட்கார்ந்தவன் வெயில் இறங்கும்வரை படுக்கவில்லை. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு ஊசியாக நிமிர்த்தினான். சாப்பிடவும் இல்லை. "புரண்டு படுங்க, ஒரே பக்கமா உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு இல்ல" என்று கவிநிலா கெஞ்சினாள். அவன் காதில் விழவில்லை. பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டன. பிறகு ஒன்று அடியோடு ஒடிந்தது. அதன் பக்கத்தில் இருந்ததும் ஒடிந்தது. ஊசியைப் பலகையில் வைத்துவிட்டு, "படுக்க வைங்க" என்றான்.

மறுநாள் போர்டைப் பிரகாஷிடம் கொண்டுபோனாள். அவன் லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"இந்த ஊசிப் பின்னு ஒடிஞ்சா வாரண்டி கிடையாதுக்கா. வேலூர்ல ஒருத்தர் பார்ப்பாரு, அவரும் இந்த அளவுக்குப் போனத எடுக்க மாட்டாரு." கொஞ்சம் தயங்கி, "வேற போர்டு போட்டா மீதியெல்லாம் அப்படியே ஓடும். எனக்கு லாபம் வேணாம், அடக்க விலைக்கே தரேன்" என்றான்.

அடக்க விலைக்குப் பணம் சேரவும் அவள் மாசி கடைசி வரை பொறுக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்ல வேங்கிக்காலுக்குப் போனாள். இராமலிங்கம் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"தை பொறக்கறதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்து நின்னுட்டாங்கம்மா. எத்தினி நாளைக்கு நிறுத்தி வெப்பேன்? செங்கத்துல ஒரு பொண்ணுக்கு மொத்தமாக் கொடுத்துட்டேன். போன வாரமே."

"போன வாரமேவா சார்?"

அவர் மேசைமேல் இருந்த வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். "உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான்... வளவன்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் சார். நான் சொல்லிக்கிறேன்."

அப்படியானால் கால் இழுத்த அன்றே வேலை அவர்கள் கையில் இல்லை. போர்டு உடையாமல் இருந்திருந்தாலும் இல்லை. பஸ்ஸில் அவள் அதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். இதைச் சொன்னால் அவன் மனம் ஆறுமா, இன்னும் உடையுமா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அப்படியா" என்றான் வளவன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் வீடியோ பார்க்கவில்லை.

மாசியில் முதுகுக்குக் கீழே புண் வந்தது. ஒரே பக்கமாக உட்கார்ந்த அன்று சிவந்த தோல்தான் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது அவன் இன்னும் இளைத்திருந்தான். மருந்துக்கும் கட்டுப் போடுவதற்கும் செலவு ஓயவில்லை. ஒரு நாள் கவிநிலா எதுவும் கேட்காமலே கிராபிக்ஸ் கார்டைத் துண்டோடு எடுத்துப் பைக்குள் வைத்தாள். வளவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பிரகாஷ் கடைக்கு வந்த ஆர்த்தி என்ற கல்லூரிப் பெண் அதை வாங்கிக்கொண்டாள். அவளும் பல மாதமாக ஒன்று தேடிக்கொண்டிருந்தாளாம். வாங்கியதும் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கவிநிலாவால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வளவன் கேட்டான். "யாரு வாங்கினாங்க?"

"ஒரு காலேஜ் பொண்ணு."

"அவங்ககிட்ட பவர் சப்ளை என்னா இருக்குதுன்னு கேட்டியா?"

"நான் எதுக்குங்க அத கேக்கப் போறேன்?"

"சின்னதா இருந்தா தாங்காது. கார்டும் போயிடும், போர்டும் போயிடும். நம்பர் இருந்தாப் போடு."

பிரகாஷிடம் நம்பர் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். வளவன் மல்லாந்து படுத்தபடியே பேசினான். அந்தப் பெண்ணிடம் சின்னதுதான் இருந்தது. எதை வாங்க வேண்டும், எந்த ஒயரைப் பிரித்துச் செருகக் கூடாது, பிராசஸர் வைக்கும்போது போர்டைத் தரையில் வைத்துக்கொள் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னான். பழைய குரல். கவிநிலா வாசற்படியில் அசையாமல் நின்றாள். குரல் கேட்டு ராஜம்மாளும் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"நீங்க கடை வெச்சிருக்கீங்களாண்ணா?" என்று ஆர்த்தி கேட்டது வாசற்படிவரை காதில் விழுந்தது.

"இல்லம்மா" என்றான். "போன வெக்கிறேன்."

போனை நீட்டினான். கவிநிலா வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அவனைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டிய நேரம் வந்தது. அவளும் ராஜம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்:

"அந்த கேபினட்டயும் யாருக்காவது கொடுத்துடு கவி. எடத்த அடைச்சிக்கினு இருக்குது."