மேபல் அத்தையின் எட்டு நிமிடங்கள்

பொய் சொன்னது காலையில். கிளைவின் மனைவி ஹேசல் ஓட்ஸ் அப்பத்துக்குள் சீஸை வைத்துச் சுருட்டிக்கொண்டே, "ரிமோட்டை அணைச்சா அது தானா நிக்குதா? பார்த்துட்டியா?" என்று கேட்டாள். கிளைவ் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு" என்றான். மறுநாள் ரோபோ சண்டைப் போட்டியில் கொடுக்க வேண்டிய தாளிலும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். நாலு வருஷமாக ஒழுங்காக நின்ற ரோபோ இப்போது மட்டும் நிற்காமல் எங்கே போய்விடும் என்ற திமிர்தான்.

ரோபோவின் பெயர் மேபல் அத்தை. ஹேசலின் சொந்த அத்தை பெயர். கிட்டப் போனவர்களையெல்லாம் குதறி எடுக்கும் குணத்துக்காக வைத்தது. பதின்மூன்றரை கிலோ, இரண்டு சக்கரம், தலைக்கு மேல் சுழலும் எஃகுப் பட்டை. இந்த வருஷம் கிளைவ் அவளுக்கு ஒரு சாண் நீளம் கூடிய பிளேடு மாட்டியிருந்தான். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் புதுசு. மூன்று நிமிடத்தில் உயிரை விட்ட பழைய பேட்டரிக்குப் பதிலாக எட்டு நிமிடம் தாங்கும் பேட்டரி.

ஓட்டுவது கிளைவ். சாவி போடுவது ஹேசல். சாவி என்பது ஒரு செம்புத் துண்டு. செருகினால் மேபலுக்கு உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும். அதற்கான ஓட்டை பிளேடுக்கு நேர் கீழே இருந்தது. கிளைவின் தடித்த விரல் அதற்குள் போகாது. ஹேசலின் கை சின்னக் கை.

அன்று சனிக்கிழமை. மத்தியானம் முழுக்க அந்த டிக் அவனை அரித்தது. ஹேசல் பஸ் ஓட்டி முடித்து நாலு மணி வாக்கில்தான் வருவாள். அதற்குள் நிஜமாகவே சோதித்துவிட்டால் பொய்யும் பொய்யில்லை என்று தோட்டத்து ஷெட்டுக்குப் போனான். வழக்கமாகக் கனத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத்தான் பிளேடைச் சுற்றுவார்கள். புது பிளேடு பெட்டிக்குள் அடங்கவில்லை. ரெண்டு நொடி வேலைதானே என்று மேபலைத் தரையில் செங்கல் மேல் ஏற்றி வைத்தான். ரிமோட்டை ஆன் செய்தான். நீள மூக்குக் குறடால் சாவியைச் செருகினான். நாலடி பின்வாங்கி ரிமோட்டை அணைத்தான்.

மேபல் எழுந்துவிட்டாள்.

முதலில் உறுமல், அப்புறம் ஊளை. கிளைவின் கையிலிருந்து ரிமோட் நழுவி விழுந்தது. செங்கல்லிலிருந்து சரிந்ததில் பிளேடு தரையில் இடித்து, மேபல் எகிறிப் பாய்ந்து ரிமோட்டைத் தூளாக்கினாள். எப்படி ஏறினான் என்று தெரியாது, கிளைவ் பழைய ஃப்ரீசர் பெட்டியின் மேல் நின்றிருந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பத்தாறு.

அங்கே நின்றபோதுதான் புரிந்தது. புது ரிசீவரை ரிமோட்டோடு இணைக்கும்போது ரிமோட்டின் வேகக் குச்சி எந்த நிலையில் இருக்கிறதோ, சிக்னல் அறுந்தால் ரோபோ அந்த நிலைக்கே போகும். மோட்டாரைச் சரிபார்ப்பதற்காகக் குச்சியை உச்சியில் வைத்திருந்தான். அப்படியே இணைத்தும் விட்டான். நில் என்பதற்குப் பதிலாக முழு வேகம் என்று தன் கையாலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

பிளேடு எதில் பட்டாலும் அவள் உதைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். மேஜைக்கால் ஒடிந்தது. ஃப்ரீசரின் தகரம் கிழிந்தது. கடைசியில் அவள் கதவோரம் போய், மூலையில் செருகிக்கொண்டு அங்கேயே சுற்றினாள்.

ஜன்னல் வழியாக ஹேசல் வருவது தெரிந்தது. மழைத்தூறலில், இரண்டு கையிலும் டீக் கோப்பை.

கை நிறையக் கோப்பையோடு வந்தால் ஹேசல் முழங்கையால் கைப்பிடியை அழுத்தி, முதுகால் கதவைத் தள்ளி, பின்னோக்கி உள்ளே வருவாள். கணுக்கால்தான் முதலில் வரும்.

"ஹேசல்! வராதே!"

"வர்றேன், வர்றேன்! டீக்கு இவ்வளவு கத்தணுமா?"

"வராதேன்னு சொல்றேன்!"

"மெஷினை நிறுத்திட்டுப் பேசு! ஒண்ணும் கேக்கல!"

கைப்பிடி அசைந்தது. கிளைவ் ஜன்னலை முழங்கையால் இடித்தான். கண்ணாடி நொறுங்கித் தோட்டத்தில் கொட்டியது. ஒரு கோப்பை விழுந்தது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கதவைத் தொடாதே! மேபல் ஓடிக்கிட்டிருக்கா, கதவுக்குப் பின்னாடியே!"

அவள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"ரிமோட்?"

"தூளாயிடுச்சு."

"பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?"

"நாலு மணி நாலு நிமிஷம் வரைக்கும். பழசுன்னா இந்நேரம் செத்திருக்கும்."

நாலு நிமிடம் ஹேசல் நனைந்துகொண்டே நின்றாள். ஊளை மெல்ல இறங்கி முனகலாகி நின்றது. அதற்கப்புறமும் இரண்டு பேரும் நகரவில்லை.

"காலையில பார்த்துட்டேன்னு சொன்னே" என்றாள் ஹேசல்.

"பொய்."

அவள் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மிச்சமிருந்த கோப்பையோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை கிளைவ் ரிமோட் ஒன்றை இரவல் வாங்கி, குச்சியை அடியில் வைத்து ரிசீவரை மறுபடி இணைத்தான். பெரிய பெட்டி செய்து, அதற்குள் வைத்து இருபது முறை சோதித்தான். அப்புறம் அரம் எடுத்து, தன் விரல் நுழைகிற அளவுக்குச் சாவி ஓட்டையைப் பெரிதாக்கினான். மேபலுக்கு அவன் செய்த கடைசி மாற்றம் அதுதான்.

மறுநாள் களத்தில் அவன் மண்டியிட்டான். இரவல் ரிமோட்டோடு ஹேசல் பின்னால் நின்றாள். பிளேடு அவன் மணிக்கட்டுக்கு மேல் தொங்கியது. நாலு வருஷமாக இவள் இங்கேயா கையை விட்டுக்கொண்டிருந்தாள்?

"ரிமோட் ஆன்ல இருக்கா?"

"இருக்கு."

"பார்த்துட்டுத்தான் சொல்றியா?"

"ஆச்சு, ஆச்சு" என்றாள் ஹேசல்.

கிளைவ் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை உள்ளே தள்ளினான்.