இரண்டு திருகு

ஜீப் மூன்றாவது முறையாக நின்றதும் ராமர் ஸ்டீயரிங்கில் ஓங்கிக் குத்தினான்.

"அதை ஏன்டா அடிக்கிற? அது என்ன பண்ணும்?" என்றார் பின்னால் படுத்திருந்த சோலைமலை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

பொன்னுமணி புருஷனின் தலையை மடியில் ஏந்தி, ஜீப்பின் தரையில் விரித்த சாக்கில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். போடிக்குப் போனால்தான் டாக்டர். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வரைக்கும் ஏற்றம். மெட்டைத் தாண்டிவிட்டால் எஞ்சின் இல்லாமல்கூட உருட்டி இறக்கிவிடலாம். அந்த ஏற்றத்தில்தான் வண்டி ஏறுவேனா என்று அடம்பிடித்தது.

"வேற ஜீப்பு எதுவும் வராதாடா?"

"ஞாயித்துக்கெழமை எவன்க்கா வருவான்?" பானெட்டைத் தூக்கிக்கொண்டே சொன்னான் ராமர். அவளுடைய தம்பி. சோலைமலையிடம்தான் வண்டி ஓட்டப் பழகினான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினான். முகமெல்லாம் கறுப்பு.

"வெரசா பாரு ராமரு," என்றாள் பொன்னுமணி.

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! பிளக்கு நல்லாத்தான் பொறி விடுது மச்சான். முள்ளு அரை டேங்கு காட்டுது. ஆனா பெட்ரோலு வந்து சேரல. குழாயிலயும் அடைப்பு இல்ல."

ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. சோலைமலை கைக்கு வந்தே இருபத்தொரு வருஷம். பொன்னுமணி அந்த வீட்டுக்கு வந்ததும் அதே வருஷம்தான். மழைத்துளி தார்ப்பாயில் விழ ஆரம்பித்தது. அவள் அவருடைய காலைப் பிடித்துவிட்டாள், நெஞ்சைத் தடவினாள், மறுபடி காலுக்கு வந்தாள். கை ஓரிடத்தில் நிற்கவில்லை.

"நின்னா எத்தனை நேரம் கழிச்சு எடுக்குது?" என்றார் அவர்.

"பத்து நிமிசம் மச்சான்."

"எடுத்தா எம்புட்டுத் தூரம்?"

"ஒரு மைலு. ஏத்தத்துல அதுவும் இல்ல."

சோலைமலை கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது பொன்னுமணியின் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தை. தண்ணீர் கேட்கிறாரென்று அவள் சொம்பை எடுத்தாள். வேண்டாமென்று தலையசைத்தார்.

"மாப்ளே, டேங்கு மூடியை ரெண்டு திருகு தளத்தி விடு."

ராமர் ஓடினான்.

"கழத்தாத. தளத்தி மட்டும் விடு."

உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் பின்னால்வரை கேட்டது. ராமர் சாவியைத் திருகினான். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அடச்சே! மூடியில காத்துப் போற ஓட்டைதான் அடைச்சிருக்கா? காத்துப் போகாமத்தான் பெட்ரோலு எறங்கலையா? என்னது மச்சான் அடைச்சிருக்கும்?"

"தூசியா இருக்கும். நீ வண்டியை எடு."

"இதை மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"நீ கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன்... எங்க!"

ராமர் சிரித்தான். அவளுக்கும் வாயோரம் சிரிப்பு வந்தது. வண்டி நிற்கவில்லை. மெட்டு வந்தது, சோதனைச் சாவடி வந்தது, இறக்கம் வந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் "வெரசா, வெரசா" என்றாள். அவருடைய விரல்கள் அவள் கைக்குள் இருந்தன. ஏழாவது வளைவு திரும்பும்போது அவற்றில் பிடிப்பு இல்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் கை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த வளைவில், "மெல்லப் போ ராமரு," என்றாள்.

ராமர் கண்ணாடியில் ஒரு தடவை அவளைப் பார்த்தான். கியரை மாற்றினான். மலையடிவாரத்து முந்தலில், சொந்த வீட்டு வாசலில் போய்த்தான் வண்டியை நிறுத்தினான்.

பொட்டிபுரத்திலிருந்து சோலைமலையின் அக்கா வேலுத்தாய் வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. தம்பியின் மேல் விழுந்து அழுதுவிட்டு, வாசலில் நின்ற ராமரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏண்டா, ரோட்டுல போட்டு வச்சுக்கிட்டு என்னடா பண்ணுன? வண்டி நிக்காம வந்திருந்தா எந்தம்பி ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சிருப்பானே!"

"மூடியில தூசி அடைச்சிருச்சு மதினி. மச்சானே சொன்னாரு."

"தூசியைத் தொடைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு டைவரு! ஒன்னய நம்பி ஏத்துனா பாரு, அவளைச் சொல்லணும்."

ராமர் தலையைக் குனிந்துகொண்டான்.

தூசி. பொன்னுமணிக்கு அந்த வார்த்தை உறுத்தியது. தினமும் காலையில் தன் துண்டாலேயே அந்த மூடியைத் துடைக்கிற மனுஷர். எழுந்து தெருவுக்குப் போனாள். ஜீப்பின் மூடியைத் திருகி எடுத்தாள்.

டேங்க் வாயில் ஒரு பாலிதீன் தாள் உள்வாங்கிக் குழிந்து கிடந்தது. ஏலக்காய்ச் சாக்குக்குள் விரிக்கிற தாள். நேற்றுச் சாயங்காலம் அவள் வெட்டிப் போட்டது. மழைத்தண்ணி பெட்ரோலில் இறங்குதென்று அவர் அலுத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு எழுவதற்குள் தாளை வாயில் பரப்பி, மேலே மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் வாடை அடிக்கிற கையோடு வந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் சொல்லிச் சிரிக்கலாமென்று இருந்தாள்.

கழத்தாத. தளத்தி மட்டும் விடு. கழற்றியிருந்தால் ராமர் தாளைப் பார்த்திருப்பான்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். உள்ளே வேலுத்தாயின் குரல் இன்னும் ராமரை விடவில்லை. வாசற்படியில் பொன்னுமணியின் கால் நின்றது. தாளை உருவினாள். பெட்ரோல் வாடை அடித்தது. நேராகப் போய் வேலுத்தாயின் முன்னால் வைத்தாள்.

"அவனைப் பேசாதீக மதினி. தூசி இல்ல. இது நான் வச்சது. மழைத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு."

வேலுத்தாய் தாளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"எந்தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"திட்டுனானா?"

"இல்ல மதினி."

தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு வேலுத்தாய் பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

"உக்காரு."

பாடைக்கு மூங்கில் வேண்டுமென்றார்கள். ராமர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். திறந்த கதவு வழியே பொன்னுமணிக்கு ஜீப் தெரிந்தது. ராமர் டேங்க் மூடியை எடுத்து வைத்து இறுக்கினான். முன்னால் போய் ஏற ஒரு காலைத் தூக்கினவன், இறங்கினான். திரும்பி வந்து மூடியை இரண்டு திருகு தளர்த்திவிட்டு, வண்டியைக் கிளப்பினான்.