வாலுவின் பொத்தான்

மகள் கண்ணை மூடியபின் ஆறு மாதம் என் வீட்டுக்காரர் வீட்டை ஒட்டியிருந்த ஸ்பிரிங் பட்டறைப் பக்கமே போகவில்லை. சோற்றைத் தட்டில் போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக அழைத்துப் போனால், ஸ்விட்சைப் போட்டதும் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. சனியன், அதற்கும் நேரம் காலம் தெரியவில்லை!

ஸ்பிரிங் சுற்றும் மிஷின் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டும் புரோகிராம் அவரே அந்தக் காலத்தில் எழுதியது. புது கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

என் தம்பியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர்தான் அவன் பிழைப்பு.

"பயப்படாதக்கா. புதுசுக்குள்ளயே பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கிற மாதிரி நடிக்க வைக்கலாம். எமுலேட்டர்னு பேரு. புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது."

"மனுஷங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா கொண்டு வாயேன்டா," என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

புரோகிராம் எழுந்தது. மிஷின் அசையவில்லை. திரையில் ஒரே வரி, ஆங்கில எழுத்தில். தம்பி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"வாலு கூப்பிடுறா."

வாலு எங்கள் மகள். பிறந்ததிலிருந்து கால் அசையாது, ஆனால் சேட்டை ஊர்ப்பட்டது. மிஷின் சத்தத்தில் அவள் குரல் கேட்காது என்று கட்டிலில் ஒரு பொத்தான் வைத்து, சுவர் வழியே ஒயர் இழுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்திருந்தார். அழுத்தினால் மிஷின் நிற்கும், இந்த வரி வரும், அவர் ஓடுவார். பாதி நேரம், "சும்மாதாம்பா!" என்று சிரிப்பாள்.

"அந்த ஒயரைச் சொருக இதுல இடமில்ல மாமா," என்றான் தம்பி மெல்ல. "அதனால அழுத்திட்டே இருக்கிறதா நினைச்சுக்குது. யாரும் அழுத்தலன்னு எமுலேட்டர்ல எழுதிட்டா ஓடும். எழுதவா?"

அவர் என்னைப் பார்த்தார். இது ஓடாவிட்டால் இந்த மனுஷனும் எனக்கில்லை.

"எழுதுடா," என்றேன்.

"இரு. நானே எழுதுறேன்," என்றார் அவர். தம்பி சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் அடித்தார்.

மிஷின் கிளம்பியது. ஒரு பெட்டி நிறைந்தது, அடுத்ததும் நிறைந்தது. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா மாமா, ஒரு தடவைகூட நிக்கல!"

அவர் சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போனார். பின்னாலேயே ஓடினேன். வாலுவின் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"போதுங்க, விடுங்க," என்று அவர் கையைப் பிடித்து அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.